யாரும் வாசிக்காத பதிவேடு: சர்வர்களில் குவியும் குறிப்புகளும் மக்களின் தரவும்

பெட்ரோல் நிலையத்தில் மைகார்டைச் செருகினால் ரோன்95 லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் விலையில் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 30 முதல் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியர்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட புடி95 திட்டம் இது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 31 முதல், 18 வயதை எட்டிய எல்லா மலேசியருக்கும் சாரா உதவித் தொகையாக 100 ரிங்கிட் அதே மைகார்டு வழியாகவே வந்தது. வங்கி, மருத்துவமனை, இபிஎஃப் என்று எங்கு போனாலும் இன்று அடையாள அட்டையின் எண் ஏதோ ஒரு கணினிக்குள் போய்த்தான் வெளியே வருகிறது.

அட்டை உள்ளே இருக்கும் அந்தச் சில விநாடிகளில், எங்கோ ஓர் இடத்தில் இருக்கும் சர்வர்கள் பல வரிகளை எழுதி முடித்துவிடுகின்றன. எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, என்ன கேட்கப்பட்டது, பதில் போனதா இல்லையா என்ற விவரங்கள் அவை. கணினித் துறையினர் இதை 'லாக்' என்கிறார்கள். கட்டமைப்பில் கோளாறு வந்தாலும், வெளியாள் ஒருவன் நுழைந்தாலும், முதல் தடயம் இந்தப் பதிவுக் குறிப்புகளில்தான் கிடைக்கும்.

அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. நடைமுறை அப்படி இல்லை. குறிப்புகள் அளவுக்கு மீறிக் குவியும்போது அவற்றை வாசிக்க யாராலும் முடியாமல் போகிறது. வாசிக்கப்படாத பதிவேடு பூட்டாத கதவுக்குச் சமம்.

செக்ரோல் சொல்லும் கணக்கு

தோட்டத்துக் கிராணியின் செக்ரோலை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அடையாளம் போடுவார்கள். எழுதுவது கொஞ்சம்தான். ஆனால் சம்பளம் முழுக்க அதைப் பொறுத்தது. இரண்டு நாள் விடுபட்டிருந்தால் சம்பள நாளில் தொழிலாளி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க முடியும்.

அதே புத்தகத்தில் கிராணி மழை தூறியது, மாடு குறுக்கே போனது, லாரி வந்தது, லாரி போனது என்று ஒவ்வொரு விநாடிக்கும் எழுதிக்கொண்டே போனால், விடுபட்ட அந்த இரண்டு நாளை யார் கண்டுபிடிப்பது?

சர்வரில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு சாதாரணக் கணக்குப் போதும். ஓரளவு பெரிய சேவை ஒன்று விநாடிக்கு 1,000 வரி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். ஆக, 8 கோடியே 64 லட்சம் வரிகள். ஒரு வரிக்கு 200 பைட் என்றாலும் நாளொன்றுக்குச் சுமார் 17 ஜிகாபைட். ஒரு மனிதர் தூங்காமல் விநாடிக்கு ஒரு வரி வாசித்தால், ஒரே நாளின் குறிப்பை முடிக்க 1,000 நாள், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு ஆகும்.

இவ்வளவு குவிவதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவே. மென்பொருளை உருவாக்கும்போது பிழை தேடுவதற்காக 'டிபக்' என்ற முறையை முடுக்கிவிடுவார்கள். அதில் ஒவ்வொரு சிறு அசைவும் பதிவாகும். சேவை மக்களின் பயன்பாட்டுக்கு வந்த பிறகு அதை நிறுத்த மறந்துவிடுவார்கள். சில வேளைகளில் ஒரு சர்வர் இன்னொன்றைத் தொடர்புகொள்ள முடியாமல் திரும்பத் திரும்ப முயன்று, அதே பிழைச் செய்தியை இரவு முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கும். 'அது எப்போதும் வரும் செய்திதான், கண்டுகொள்ளாதே' என்று புதிதாக வேலைக்கு வருபவரிடம் பழையவர் சொல்லிக் கொடுப்பார். ஆபத்து அந்தப் பேச்சில்தான் தொடங்குகிறது.

மூன்று வகைச் சேதம்

முதலாவது, இடம் நிரம்பிப் போவது. வட்டில் இடம் இல்லையென்றால் சர்வரால் புதிதாக எதையும் எழுத முடியாது, சேவை நின்றுவிடும். பதிவுக் குறிப்புகளும் மற்றத் தரவுகளும் ஒரே வட்டில் இருந்தால், குறிப்புகளின் பெருக்கமே சேவையை வீழ்த்திவிடும். இடம் தீர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை டொயோட்டா காட்டியது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அந்நிறுவனத்தின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. இணையத் தாக்குதல் எதுவும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த பராமரிப்புப் பணியின்போது, உதிரிப்பாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் வட்டு இடம் போதாமல் போனதுதான் காரணம் என்று நிறுவனமே அறிவித்தது. மாற்றாக வைத்திருந்த சர்வரும் அதே கட்டமைப்பில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. இங்கே இடத்தை அடைத்தது பதிவுக் குறிப்பு என்று நிறுவனம் சொல்லவில்லை. ஆனால் எது அடைத்தாலும் விளைவு ஒன்றுதான்.

இரண்டாவது, எழுதக் கூடாததும் எழுதப்பட்டுவிடுவது. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம் தன் 33 கோடிப் பயனாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. மறைக்கப்பட வேண்டிய கடவுச்சொற்கள் ஒரு பிழையால் உள் லாக்கில் அப்படியே பதிவாகியிருந்தன. பேஸ்புக்கிலும் பல நூறு மில்லியன் கடவுச்சொற்கள் வாசிக்கக்கூடிய வடிவில் உள் சேமிப்பில் கிடந்தது 2019-இல் வெளிவந்தது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். அடையாள அட்டை எண்ணை மாற்ற முடியாது.

மூன்றாவதுதான் மிக மோசமானது. உண்மையான எச்சரிக்கை கூட்டத்துக்குள் காணாமல் போவது. 'புலி வருது' கதையை அறியாதவர் இல்லை. ஒரு நாளைக்கு நூறு முறை பொய்யாக அலறும் மணி, நூற்றியோராவது முறை உண்மையாக அலறினாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் டார்கெட் பேரங்காடி நிறுவனத்தில் 2013 நவம்பர் இறுதியில் அதுதான் நடந்தது. தீய நிரல் நுழைந்ததை அதன் பாதுகாப்புக் கருவி சரியாகக் கண்டுபிடித்து எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அமெரிக்கத் தலைமையகத்துக்குத் தகவலும் அனுப்பியது. நடவடிக்கை இல்லை. சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. வாரந்தோறும் ஏராளமான நிகழ்வுகள் பதிவாவதாகவும், இந்த எச்சரிக்கைக்கு உடனடி நடவடிக்கை தேவையில்லை என்று குழு கருதிவிட்டதாகவும் நிறுவனம் பின்னர் விளக்கம் அளித்தது.

சிங்ஹெல்த் தந்த பாடம்

நம் வட்டாரத்தில் இதைவிட நெருக்கமான பாடம் சிங்கப்பூரில் இருக்கிறது. 2018 ஜூலை 20 அன்று சிங்ஹெல்த் தரவுக் களவு அறிவிக்கப்பட்டது. சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை போயின. ஏறக்குறைய 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு வழங்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். அவருடைய பதிவுகள் குறிவைத்துத் தேடப்பட்டன.

ஓய்வுபெற்ற மூத்த நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. ஊடுருவியவர்கள் மறைந்து வந்தாலும் அரவமே இல்லாமல் வரவில்லை என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. ஜூன் மாதத்திலேயே தரவுத்தளத்துக்குள் நுழைய நடந்த தோல்வி முயற்சிகளைத் தொழில்நுட்ப ஊழியர்கள் கவனித்தார்கள். ஜூலை 4 அன்று ஒரு தரவுத்தள நிர்வாகி வழக்கத்துக்கு மாறான தேடல்களைக் கண்டு நிறுத்தவும் செய்தார். அப்படியிருந்தும் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10-ஆம் தேதிதான்.

இங்கே குறிப்பு இருந்தது. வாசித்தவர்களும் இருந்தார்கள். மேலே கொண்டு போவதில்தான் தடை. சம்பவத்தை அறிவிக்க வேண்டிய பொறுப்பில் இருந்த ஒருவர், அறிவித்துவிட்டால் விவரம் கேட்டு எல்லாரும் நெருக்குவார்கள் என்று தயங்கியது விசாரணையில் தெரியவந்தது. கணினிக் கட்டமைப்பைக் கவனித்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன.

டார்கெட்டையும் சிங்ஹெல்த்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். எச்சரிக்கை பயன்பட வேண்டுமானால் மூன்று படிகள் தேவை: அது கண்ணில் படும் அளவுக்குக் குறிப்புகள் குறைவாக இருக்க வேண்டும், அதை வாசிக்க ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், வாசித்தவர் அச்சமின்றிச் சொல்லும் நிலை இருக்க வேண்டும். எந்தப் படி உடைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

சட்டத்தின் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும்?

மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 நடப்பில் உள்ளது. வங்கி, சுகாதாரம், போக்குவரத்து, எரிசக்தி போன்ற முக்கியத் துறைகளின் கட்டமைப்புகளை நடத்துபவர்கள், பாதுகாப்புச் சம்பவம் தங்களுக்குத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விவரங்களை அளிக்க வேண்டும். 2025 ஜூன் 1 முதல் தனிநபர் தரவுக் கசிவையும் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் அறிவிக்கும் கடப்பாடு வந்துள்ளது.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 'தெரியவந்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 6 மணி நேரக் கடிகாரம், சம்பவம் தெரியவந்த பிறகே ஓடத் தொடங்கும். கோடிக்கணக்கான வரிகளுக்கு நடுவே தடயம் புதைந்து கிடந்தால், யாருக்கும் எதுவும் தெரியவராது. கடிகாரமும் ஓடாது. தரவு போய்ப் பல மாதங்களுக்குப் பிறகு, யாரோ அதை இணையத்தில் விற்கும்போதுதான் நிறுவனத்துக்கே தெரியும். 2017-இல் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மலேசியக் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. விற்பனைக்கு வந்த பிறகு.

இன்னொன்றும் உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. இணையப் பாதுகாப்புச் சட்டம் அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றாலும், குற்றத்துக்காக அவற்றின் மீது வழக்குத் தொடர முடியாது. மைகார்டு வழியாக உதவித் திட்டங்கள் பெருகும் காலத்தில், மக்களின் தரவு அதிகம் இருப்பது அரசின் கையில்தான். அங்கே குறிப்புகளை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல

தீர்வுகள் துறைக்குள் இருப்பவர்கள் நன்கு அறிந்தவையே. மக்கள் பயன்படுத்தும் சர்வரில் 'டிபக்' பதிவை நிறுத்தி வைப்பது. ஒரே பிழை ஆயிரம் முறை வந்தால் ஒரு வரியில் எண்ணிக்கையோடு எழுதுவது. பழைய குறிப்புகளைச் சுருக்கி அப்புறப்படுத்தும் சுழற்சி முறை வைப்பது. குறிப்புகளுக்குத் தனி வட்டு ஒதுக்குவது. அடையாள அட்டை எண், கடவுச்சொல், நோய் விவரம் ஆகியவை பதிவாகும் முன்பே மறைப்பது. எந்தச் செய்திக்கு ஒரு மனிதர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டுமோ, அதற்கு மட்டும் மணி அடிக்க விடுவது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடவும் கூடாது. யார் உள்ளே வந்தார், எதை எடுத்தார் என்ற குறிப்புகள் இல்லாவிட்டால், களவுக்குப் பிறகு விசாரிக்க எதுவும் மிஞ்சாது. ஊடுருவல்கள் பல மாதங்கள் கழித்தே தெரியவருவதால் அவற்றை நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும். எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்க அனுபவமுள்ள ஆட்கள் தேவை. மேகக் கணிமைச் சேவைகளில் குறிப்பின் அளவுக்கே கட்டணம் என்பதால், பணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் நிர்வாகம் தேவையானதையும் சேர்த்து வெட்டிவிடக்கூடும்.

ஜொகூரில் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் நிலத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்துள்ளன. பெற்றோர் பெரட்டுக்கு நின்ற தலைமுறையின் பிள்ளைகள் சைபர்ஜெயாவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரவு ஷிப்டில் திரைகளின் முன் அமர்ந்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சிவப்பு வரியைக் காணும் முதல் கண் அவர்களுடையதாக இருக்கலாம்.

ஆயிரம் வீண் வரிகளுக்கு நடுவே அதைத் தேட விடுவதும், கண்டு சொன்னால் 'ஏன் தூக்கத்தைக் கெடுத்தாய்' என்று திட்டுவதும் நிர்வாகத்தின் குற்றம். தவறாகச் சந்தேகப்பட்டு எழுப்பினாலும் பரவாயில்லை என்ற உறுதியை எழுத்தில் கொடுப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான ரிங்கிட் செலவில் வாங்கும் பாதுகாப்புக் கருவிகள் பயன் தருமா என்பது அந்த ஒரு தாளைப் பொறுத்தே இருக்கிறது.