பின்னி மில் வாசலில் ஒரு பலகை

சென்னைப் பெரம்பூர் பக்கத்துப் பட்டாளத்தில் எங்கள் தெருவுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. பின்னி மில் சங்கு ஊதினால் அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். அடுத்த சங்குக்கு அப்பா தூக்குவாளியோடு தெருமுனையில் இருப்பார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தறி ஓட்டிய மனிதர். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். குழாயடியில் முகம் கழுவிய பிறகும் காதோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைத் துடைத்து எடுப்பது என் வேலை. எனக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அப்பா முன்பே ஓய்வுபெற்றுவிட்டார், சித்தப்பாவோ மில்லை மூடிய 1996வரை உள்ளே இருந்தார்.

அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. போன மாதம் அங்கே ஒரு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். காவலாளி வந்தார். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். "எந்த பிளாக் சார்? யாரைப் பார்க்கணும்?" என்றார். யாரையும் பார்க்க வரவில்லை, எங்கப்பா இங்கே வேலை செய்தார் என்றேன். "இங்கயா? செக்யூரிட்டியா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நின்ற வாசலில் தெருவைப் பார்த்து இருந்தது குடியிருப்பின் பெயர் மட்டும்தான். இங்கே ஒரு மில் இருந்தது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பன்னிரண்டு மணி நேர வேலை, மதியச் சாப்பாடு காவல் கூண்டிலேயே, வண்டி வந்தால் பாதியில் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும் என்றார். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. ஏனென்றால் இந்த மண்ணில் சங்கம் பிறந்ததற்கே சாப்பாட்டு நேரமும் ஒரு காரணம். பின்னியின் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என்ற இரண்டிலும் மதியத்துக்குக் கிடைத்தது அரை மணி நேரம். தாமதமாகத் திரும்பினால் கேட் மூடியிருக்கும். இந்தக் குறைகளைத் தொழிலாளர்கள் முதலில் கொட்டியது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தான்.

மில் நிர்வாகம் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் நடத்தியதற்காக ஒருவரை நஷ்டஈடு கேட்டு வழக்குமன்றத்துக்கு இழுக்க முடியும் என்ற நிலை நாடு முழுவதும் பேச்சானது. 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். பெரம்பூரில் தறி ஓட்டியவர்களால் டெல்லியில் ஒரு சட்டம் வந்தது. இதைப் படிக்க இன்று நூலகத்துக்குப் போக வேண்டும். அந்தத் தெருவில் நடப்பவருக்குத் தெரிய வழியில்லை.

கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை. சட்டம் கேட்டதைச் செய்தார்கள். இங்கே முன்பு என்ன இருந்தது என்று தெருவுக்குச் சொல்லும் ஒரு பலகையைச் சட்டம் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தது அதுதான்: இனிமேல் கேட்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை இருந்தால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்கும் பொதுவுக்கு எழுதிக்கொடு என்று 2019 கட்டட விதிகள் சொல்கின்றன. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது எங்கள் தெருவிலேயே முணுமுணுத்தார்கள். பிறகு எல்லோரும் தொட்டி வெட்டினோம், நானும் வெட்டினேன். நிலத்தையும் மழைநீரையும் கேட்கத் தெரிந்த அரசு, அந்த மண்ணின் கதையையும் கேட்கலாம். பெரிய மனைகளுக்குத் திட்ட அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக வைக்கட்டும். பலகை நின்ற பிறகே பணி முடிவுச் சான்றிதழ் கொடுக்கட்டும். மாதிரி வீட்டின் வரவேற்பறைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது.

பலகை எங்கே நிற்கிறது என்பது முக்கியம். லிப்ட் அருகே, குடியிருப்பவர் மட்டும் பார்க்கும் இடத்தில் வைத்தால் அது அலங்காரம். தெருவைப் பார்த்து, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் படிக்கிற உயரத்தில், தமிழ் மேலேயும் ஆங்கிலம் கீழேயுமாக இருக்க வேண்டும். ஒரு பழைய புகைப்படம், மில் எங்கிருந்து எங்கே வரை இருந்தது என்ற வரைபடம், ஆண்டுகள். அவ்வளவு போதும்.

அதைவிட முக்கியம், யார் எழுதுவது என்பது. கட்டுமான நிறுவனம் எழுதினால் மில் நெய்த காக்கித் துணியின் புகழோடு கதை முடிந்துவிடும். 1920 டிசம்பரில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர் இருவர் இறந்தது அதில் வராது. எங்களைப் போன்ற மில் குடும்பத்துக்காரர்களிடம் மட்டும் விட்டாலும் ஒன்று விடுபடும். 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். வேலைக்குப் போன ஆதிதிராவிடர்களின் வீடுகள் புளியந்தோப்பில் எரிந்தன. எங்கள் வீட்டில் வேலைநிறுத்தத்தைப் பெருமையாகப் பேசுவார்கள். எரிந்த வீடுகளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது நாற்பது வயது தாண்டிவிட்டது. எனவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளதைப் படித்த ஆய்வாளர்கள், பட்டாளத்தார், புளியந்தோப்பார் எல்லோரும் சேர்ந்த ஒரு குழுதான் வாசகத்தை முடிவுசெய்ய வேண்டும். பணம் கட்டுமான நிறுவனத்துடையது, சொற்கள் ஊருடையவை.

பலகையைக் காட்டிப் பழைய கட்டடத்தை இடிப்பதற்கு அனுமதி வாங்கிவிடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான பயம். காப்பாற்ற வேண்டிய கட்டடமா என்ற கேள்விக்கு முதலில் விடை வர வேண்டும். இடிப்பது என்று முடிவான பிறகுதான் பலகைப் பேச்சு.

பெரம்பூருக்கு மட்டும் இதைக் கேட்கவில்லை. விஜயா வாஹினி ஸ்டுடியோ இருந்த வடபழனிக்கும் இது பொருந்தும். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்தில் எழும் ஒவ்வொரு பெரிய கட்டடத்துக்கும் பொருந்தும்.

சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. இந்த நிபந்தனை அதில் இடம்பெற வேண்டும் என்று பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு நான் எழுதிவிட்டேன், நீங்களும் எழுதுங்கள். மில் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: பரணில் கேட் பாஸோ சம்பளச் சீட்டோ சங்கத்து ரசீதோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அப்பாவின் கேட் பாஸ் என்னிடம் இருக்கிறது. பலகை வைக்கும் நாளில் கொண்டுவந்து தருகிறேன்.