சுவிஸ்காரனுக்கும் ஆடி மாதம் உண்டு

ஆவணியில் குடிபுகுதல் என்று அம்மா நாள் பார்த்துவிட்டா. ஃப்ரிபூர்க்குக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கினது பழைய வீடு. அதற்குள் யன்னல் மாத்தி, குசினி போட்டு முடிக்கவேணும். ஓகஸ்ட் கடைசியோட விடுகிறோம் என்று வாடகை வீட்டுக்குக் கடிதமும் போட்டாச்சு.

யன்னல்காரர் ஜூன் தொடக்கத்தில் வந்து அளந்துவிட்டு "ஆறு கிழமை" என்றார். கலண்டரில் எண்ணிப் பார்த்து நிம்மதியா இருந்தேன். அலுவலகத்தில் எந்த வேலை எதற்காகக் காத்து நிற்குது என்று வரைஞ்சு பார்க்காமல் ஒரு திகதியும் சொல்லமாட்டேன். வீட்டு விசயத்தில் அந்தப் புத்தி வரேல்லை.

ஆறு கிழமை தொடங்குவது அளந்த நாளிலிருந்து இல்லை, வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தாம். அந்த மின்னஞ்சல் என்ர பெட்டியில் பத்து நாள் கிடந்தது. பிறகு கட்டட விடுமுறை வந்தது. கோடையில் மூன்று கிழமை போலக் கட்டட வேலை நிற்கும், தொழிற்சாலையும் பூட்டு. கிட்டத்தட்ட எங்கட ஆடி மாதமேதான். யன்னல் வந்து இறங்க ஓகஸ்ட் கடைசிக் கிழமை. அதற்குள் சுவர் பூசுறவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்காக இன்னும் மூன்று கிழமை. பிள்ளைகளோட பேர்னில் மச்சான் வீட்டில் பாய் விரிச்சுப் படுத்தம்.

எங்கட நகரத்துப் புனித நிக்கலாஸ் பேராலயத்தை 1283இல் தொடங்கினார்கள், கோபுரம் முடிய 1490 ஆனது. அவர்களுக்கு வாடகை வீட்டுத் திறப்புக் குடுக்கிற நாள் இருக்கவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் புதினமில்லை. ஊரில் வீடு கட்டேக்க கல்லும் மணலும் சீமெந்தும் முற்றத்தில் இறங்கின பிறகுதான் மேசனுக்கு நாள் சொன்னாராம். இங்கே முற்றம் இல்லை. ஆனாலும் அந்த ஒழுங்கு செல்லும்: சாமான் வரும் நாளை எழுத்தில் உறுதிப்படுத்தின பிறகு அடுத்த ஆளுக்கு நாள் குடுங்கோ, இடையில் ஒரு கிழமையாவது விட்டு.

ஒப்பந்தத்தில் "ஆறு கிழமை" என்று விடாமல் திகதியையே போடச் சொல்லுங்கோ. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 102ஆம் பிரிவுப்படி, நாள் குறித்திருந்தால் அந்த நாள் கடந்ததுமே அவர் தவணை தவறினவர். குறிக்காவிட்டால் முதலில் நீங்கள் நினைவூட்டல் அனுப்பவேணும். விடுமுறையில் தொழிற்சாலை திறந்திருக்குமா என்றும் கேளுங்கோ. இன்னொன்று, வெள்ளி பின்னேரம் வரும் என்ற லொறியை நம்பிச் சனிக்கு ஆள் பிடிக்காதேங்கோ. 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் இங்கே இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரையும் ஞாயிறு முழுக்கவும் ஓடக்கூடாது. பிந்தினால் திங்கள்வரையும் இழுபடலாம்.

ஆவணி போச்சு, புரட்டாசி கூடாது என்று அம்மா. சாமான்களோட சும்மா புகுந்தம். பால் காய்ச்சினது ஐப்பசியில். வாற வருசம் குளியலறை. ஓடு இப்பவே ஓடர் குடுத்தாச்சு. அதை அடுக்க அப்பா கராச்சைக் காலி பண்ணிக்கொண்டு நிற்கிறார், என்ர கார் வெளியில்.