பேத்தியை விலக்கிவைத்த பிழை

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலராசிரியர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம்பற்றி எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருப்பார். யாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையை முதலிற் சொல்லாது வேறெதனையும் எழுத மனம் ஒருப்படவில்லை.

எம் அன்னையார் வட்டகொடையிலே முப்பது ஆண்டுகளுக்குமேற் கொழுந்து பறித்தவர். மலையேறும் கூடையும் மடியில் வெற்றிலைப் பையுமாகவே அவரை யாம் அறிவோம். குளிருக்கும் பசிக்கும் அவ்வெற்றிலையே துணை. 2023ஆம் ஆண்டிலே கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணொன்று கண்டது. புற்று என்றனர். அறுவைச் சிகிச்சை முடிந்தபின், கண்டி தேசிய வைத்தியசாலையிலே வாரத்தில் ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சும், வாரமொருமுறை மருந்தேற்றமும் என முடிவாயிற்று. கண்டியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். சனி, ஞாயிறுகளில் வீடு திரும்புவார்.

பிழை செய்தது அவ்வேளையிலேதான். அன்னையார் முதன்முறை வீடு திரும்பிய அன்று, எட்டு வயதான எம் மகளை மேற்கணக்கிலுள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நோய் ஒட்டுமோ, உடம்பிற் பாய்ந்த கதிர் குழந்தையைத் தாக்குமோ என்ற அச்சம் ஒருபுறம். அயலார் சொல் மறுபுறம். பயிற்சிக் கலாசாலையிற் குழந்தை உளவியல் படித்துச் சான்றிதழும் பெற்றவர் யாம் என்பதை இங்கு வெட்கத்துடன் குறிக்கிறோம். அன்னையார் ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சிக் கோப்பையைப் பாதியிலே வைத்துவிட்டுச் சுவர்ப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுவாரம் வைத்தியரிடம் இதனைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, ஆயினும் எம் அறியாமை தெளிவாயிற்று. புற்றுநோய் தொற்றுவதன்று. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், பொறியை நிறுத்தியதும் நின்றுவிடும். நோயாளியின் உடம்பிலே தங்கியிருந்து பிறரைச் சுடாது. தைரொயிட் புற்றுக்குக் கதிரியக்க அயடீன் உட்கொள்வோர் மாத்திரம் சில நாள் குழந்தைகளைவிட்டு விலகியிருத்தல் வேண்டும்; அஃது வேறு சிகிச்சை. மருந்தேற்றத்தின்பின் இரத்தத்திலே வெள்ளணுக்கள் குறையக்கூடும். அந்நாட்களிற் காய்ச்சல், தடிமன், அம்மை கண்ட பிள்ளை அருகே செல்லலாகாது. அதாவது, குழந்தைக்குப் பாட்டியால் வரக்கூடியது ஒன்றுமில்லை. பாட்டிக்குக் குழந்தையால் வரக்கூடியதே காக்கப்பட வேண்டியது. யாம் முற்றும் தலைகீழாக எண்ணியிருந்தோம்.

அன்று மாலையே மகளை அழைத்துவந்தோம். "அப்பாயி, வாய் நோவுதா?" என்று கேட்டாள், வேறு முன்னுரை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அன்னையாரின் வாய் புண்பட்டிருந்தது. உமிழ்நீர் வற்றியது, உறைப்பும் சூடும் ஆகா. ஆறவைத்த கஞ்சியைக் கரண்டியாற் கொடுக்கும் பணியை அவளே ஏற்றுக்கொண்டாள். குழந்தையின் கைபட்ட உணவை அமிழ்தினும் மேலென்று வள்ளுவர் பேசினார். எம் வீட்டிலோ அக்கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே அமிழ்து பரிமாறப்பட்டது! ஆறு வாரத்தில் அன்னையார் மெலிந்தார் என்பது உண்மை. ஆனால், சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமை தொட்டே காத்திருந்தார் என்பதும் உண்மை.

பேரப்பிள்ளை நோயைத் தீர்க்கும் என்று யாம் சொல்ல வரவில்லை. தீர்ப்பது கத்தியும் கதிரும் மருந்துமே. கேரளத்து நடிகர் இன்னசென்ட் 2012இல் நோயுற்றார். புற்றுநோய் வார்டிலே கண்ட சிரிப்பைப்பற்றி நூலெழுதினார். 2014இல் இந்திய நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். 2023 மார்ச்சிலே காலமானார். சிரிப்பு அவருக்கு மரணமின்மையைத் தரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளை அவருடையனவாகவே வைத்தது. சிகிச்சைக் காலமும் வாழ்நாளின் பகுதியன்றோ? "எல்லாம் சுகமான பின் பிள்ளைகளோடு இருக்கலாம்" என்று முதியோருக்கு ஆறுதல் கூறுவோர், எந்த நாளை நம்பி அவ்வாறு கூறுகின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

வெற்றிலையைப்பற்றியும் மாணவருக்கு ஒரு சொல். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்று வாய்ப்புற்றே. புகையிலை சேராத பாக்கும் புற்றுக்குக் காரணமென உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்டது. "நான் புகையிலை போடுவதில்லை" என்ற சமாதானம் இனிச் செல்லாது. வாயில் வெண்தழும்போ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால், வீட்டுப் பெரியோரைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பழைய மாணவர்களிடம் கேட்பது வேறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரால், 1954இல் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் நிலையத்தை எழுப்பினார். அத்துணைப் பெரியது எம்மால் ஆகாது. நம் நாட்டிலே அரசாங்கச் சிகிச்சை இலவசம். அறை வாடகையும் பயணச் செலவும் இலவசமல்ல. துணைக்குச் செல்லும் மகன் நாளொன்றுக்கு ஒரு பேர் இழக்கிறான். ஆகையாற் பலர் தனியே சென்று தனியே கிடக்கின்றனர். விழாவுக்கென எழுப்பும் அலங்கார வளைவின் செலவைக்கொண்டு, கண்டியிலே ஆஸ்பத்திரிக்கு அண்மையில் இரண்டு அறைகளை ஓராண்டுக்கு எடுத்துக் கொடுக்கலாம். தோட்டத்து நோயாளி ஒருவர் அங்கே தங்க, விடுமுறை நாளிலே பேரப்பிள்ளை வந்து பார்க்கலாம். வளைவு வேண்டாமென்பதற்காகச் சங்கத்தார் எம்மைக் கோபித்தாலும் சரியே.

அன்னையார் இப்பொழுது குறித்த நாளிற் பரிசோதனைக்குச் சென்று வருகிறார். வாய் முன்போல் அகலத் திறப்பதில்லை. வெற்றிலைப் பையும் சுண்ணாம்பு டப்பியும் பேத்தியின் உடைமைகளாகிவிட்டன. டப்பியிலே ஊசியும் பொத்தானும் இருக்கின்றன.