வெற்றிக் கணக்கில் விடுபட்டோர்

எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் உலகச் சராசரியை விஞ்சிவிட்டதாக ஒன்றிய அரசு மார்தட்டிக்கொள்கிறது. 2010க்கும் 2023க்கும் இடையே ஆண்டுதோறும் ஏற்படும் புதிய தொற்றுகள் உலகளவில் 39 சதவீதமும் இந்தியாவில் 44 சதவீதமும் குறைந்தன. எண் பொய்யல்ல. ஆனால், 2021-26 காலத்திற்கான ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டத்தில் இதே அரசு தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு 80 சதவீதம்! தேர்வில் தேறாத மாணவன், பக்கத்து இருக்கைக்காரனைவிட ஐந்து மதிப்பெண் கூடுதல் என்று ஊருக்கு இனிப்பு வழங்குவதற்கு ஒப்பானது இது.

எய்ட்ஸ் மரணங்கள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்திருப்பது உண்மையான சாதனையே. 2004 ஏப்ரலில் தொடங்கிய இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சையும், இந்தியாவில் மலிவாக உற்பத்தியான மருந்துகளும் அதைச் சாதித்தன. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிகள் வற்புறுத்திப் பெற்ற பாதுகாப்புகள் இல்லையேல், அந்த மலிவு விலைக்கு ஏது காவல்?

இனி, முன்னேற்றத்தை அளக்கும் அளவுகோலுக்கு வருவோம். தொற்றுள்ளோரில் 95 சதவீதத்தினர் தம் நிலையை அறிய வேண்டும். அறிந்தோரில் 95 சதவீதத்தினர் சிகிச்சை பெற வேண்டும். பெறுவோரில் 95 சதவீதத்தினரிடம் வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். 2023-24இல் இந்தியா எட்டியவை முறையே 81, 88, 97. கடைசி எண் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டுமே அளக்கிறது. வராதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: தொற்றுள்ள நூறு பேரில் 69 பேரிடமே வைரஸ் அடங்கியுள்ளது. இலக்கின்படி 86 பேர் இருக்க வேண்டும். 25.44 லட்சம் பேர் தொற்றுடன் வாழும் நாட்டில், ஏறத்தாழ 4.8 லட்சம் பேர் தம் நிலையையே அறியாதவர்கள்.

யார் இவர்கள்? தேசியச் சராசரி இதற்கு விடை சொல்லாது. வயது வந்தோரில் தொற்று விகிதம் நாடு முழுவதற்கும் 0.20 சதவீதம், மிசோரமில் 2.73 சதவீதம். காவல்துறைக்கு அஞ்சும் பாலியல் தொழிலாளர், ஊசிவழிப் போதைக்கு ஆட்பட்ட இளைஞர், ஊர்விட்டு ஊர் செல்லும் புலம்பெயர் தொழிலாளர், வாடகை வீடும் மறுக்கப்படும் திருநங்கையர் ஆகியோரைப் பரிசோதனை மையத்துக்கு அழைத்துவருவது விளம்பரப் பலகைகளா? இல்லை. ஆலோசகர்களும் களப்பணியாளர்களும்தான். அவர்களையோ இந்த அரசு ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாகவே வைத்திருக்கிறது.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது, வரவேற்கத்தக்கதே. ஆயினும் சிகிச்சை அளிக்கும் கடமையை அது ‘இயன்றவரை’ என்ற ஒற்றைச் சொல்லால் நீர்த்துப்போகச் செய்தது. அதன் பொருள் என்ன என்பதை 2022 ஜூலையில் நாடு கண்டது. மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து, எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாயிலில் வாரக்கணக்கில் அமர்ந்தனர். ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்துக்கு ‘இயன்றவரை’ என்று ஒரு வரம்பு உண்டா?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை: ‘இயன்றவரை’ என்ற சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். மாவட்டவாரியாகப் பரிசோதனை, சிகிச்சை, மருந்து இருப்பு விவரங்கள் தவறாது வெளியிடப்பட வேண்டும். முன்னேற்றம் என்பது வந்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படுவதன்று. வர முடியாமல் போனவர்களின் எண்ணிக்கையாலும் அளக்கப்படுவது.