மலையுச்சி நாட்கணக்கு

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, உஷ்ணமானியையும் பாரமானியையும் மழைமானியையும் பார்த்துப் புத்தகத்தில் நான்கு எண்களை எழுதிவைப்பது அறிஞர்க்குரிய வேலையன்று, குமாஸ்தாவின் வேலையே என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதல்லவோ விஞ்ஞானம். நேற்று எழுதியதையே இன்றும் எழுதுவதில் என்ன பெருமை என்பது அவர்கள் வினா. இவ்வினாவுக்கு விடை தேடுங்கால் நம் நினைவுக்கு முதலில் வருவது ஸ்காட்லாந்து தேசத்திலுள்ள பென் நெவிஸ் என்னும் மலை. அதன் உச்சியில் இருபத்தோர் ஆண்டுகள் நடந்து, பின்னர் நின்றுபோன ஒரு கணக்கின் வரலாறு, நமது கலாசாலைப் புல்வெளியில் நிற்கும் மழைமானிக்கும் பொருந்துவதாயிருத்தலின், அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

பென் நெவிஸ் பிரிட்டனிலுள்ள மலைகள் யாவற்றினும் உயர்ந்தது. உயரம் 1,345 மீட்டர். அஃதாவது 4,400 அடிக்குச் சற்று மேல். நம் உதகமண்டலத்தைக் கண்டவர்க்கு இது ஒரு குன்றாகவே தோன்றும். ஆயினும் அட்லாண்டிக் சமுத்திரத்தினின்று எழும் புயல்கள் முதலில் வந்து மோதும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால், அவ்வுச்சியின் வெப்பம் தண்ணீர் உறையும் நிலையை ஒட்டியே நிற்கும். வெயில் காணும் நாட்கள் அரிது. மேகத்தினுள் மூழ்கிக்கிடக்கும் நாட்களே மிகுதி.

1881-ஆம் ஆண்டு கோடையில் கிளெமெண்ட் ராக் என்பார் ஒருவர், இம்மலையுச்சியின் வானிலையைக் குறித்துவருவதாக ஸ்காட்லாந்து வானிலைச் சங்கத்தாரிடம் ஒப்புக்கொண்டார். விடியுமுன்னே அடிவாரத்தினின்று புறப்பட்டு, வழியில் பல இடங்களில் கருவிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, காலை ஒன்பது மணியளவில் உச்சியை அடைந்து, அங்கும் குறித்துக்கொண்டு இறங்குவார். அதே நேரங்களில் அவர் மனைவியார் கீழே கடல்மட்டத்தில் நின்று கணக்கெடுப்பார். மேலும் கீழும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கன்றோ ஒப்பிட உதவும்! மழையென்றும் பனியென்றும் பாராமல் அவ்வாண்டு அக்டோபர் வரையிலும், மறு ஆண்டுக் கோடையிலும் இவ்வாறே நடந்தார். துணைக்கு ஒரு நாய். இவ்வுழைப்புக்காகச் சங்கத்தார் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தனர். ஆனால் உச்சியில் நிலையம் கட்டி முடிந்தபோது தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன் என்பது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

பொதுமக்கள் தந்த நன்கொடையால் எழுந்த அந்நிலையம் 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்றுமுதல் மணிக்கொரு முறை, இரவும் பகலும், அங்கே கணக்கு எழுதப்பட்டது. தானாகவே எழுதிக்கொள்ளும் கருவிகள் அக்காலத்திலும் இருந்தன. ஆனால் மூடுபனி உறைந்து, காற்றுமானியின் கிண்ணங்களையும் உஷ்ணமானிப் பெட்டியையும் வெள்ளைக் கட்டியாக மூடிவிடும். ஆகவே மனிதனே விளக்கெடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டியிருந்தது. காற்றின் வேகத்தை உடம்பில் படும் தாக்குதலைக்கொண்டே மதிப்பிட்டு எழுதினர். பனி உயர உயர, உஷ்ணமானிப் பெட்டியை ஏணிபோன்ற சட்டத்தில் படிப்படியாக மேலேற்றினர். தரையினின்று கருவியின் உயரம் மாறினால் கணக்கும் மாறிவிடுமன்றோ? குளிர்காலத்தில் வாசலே பனியுள் புதைந்துபோகும். அப்போது கோபுரத்தின் மேல்வாயில் வழியாக வெளியேறுவர். புயல் மிகுந்த இரவுகளில் இருவர் தம்மைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு சென்று பார்த்ததும் உண்டு. இவ்வளவும் எதற்கு? ஓர் எண்ணுக்காக. அடுத்த மணியில் இன்னோர் எண்ணுக்காக.

இக்கணக்கால் என்ன பயன் விளையும் என்று அன்றைக்கு எவராலும் முழுதும் சொல்லியிருக்க முடியாது. புயல் வருவதை முன்னறிந்து கூறலாம் என்பது அக்காலத்தார் எண்ணம். கிடைத்ததோ எவரும் எண்ணாத பயன். 1894-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சி. டி. ஆர். வில்ஸன் என்னும் இளைஞர், அங்கு இரண்டு வாரம் தற்காலிகப் பார்வையாளராகத் தங்கினார். கீழே கிடந்த மேகத்தின்மேல் தம் நிழல் விழுவதையும், அதனைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றுவதையும் கண்டு வியந்து, அக்காட்சியைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க விரும்பினார். கண்ணாடிக் கலத்துள் மேகம் உண்டாக்க முனைந்த அம்முயற்சியினின்று பிறந்ததே மேகக்கலம் என்னும் கருவி. கண்ணுக்குப் புலப்படாத அணுத்துகள்கள் சென்ற வழியை அது நீராவிக் கோடாகக் காட்டியது. அதன்பொருட்டு 1927-ஆம் ஆண்டு வில்ஸனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலையுச்சியில் மழை அளக்கும் வேலையினின்று அணுவின் வரலாறு பிறக்குமென்று எந்தக் கணக்கதிகாரி வரவுசெலவுப் பட்டியலில் எழுதியிருப்பார்?

அந்நிலையம் பணமில்லாமல் 1904-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி மூடப்பட்டது. அரசாங்கத்தார் அளித்த சிறு தொகை செலவுக்குப் போதவில்லை, நன்கொடையாளர்களும் சோர்ந்துவிட்டனர். இன்று மலையேறுவோர் காண்பது இடிந்த சுவர்களை மட்டுமே. எழுதிய ஏடுகள் அழியாமல் அச்சாகியிருந்தன; ஆயினும் கணிப்பொறி படிக்கத்தக்க வடிவில் இல்லை. 2017-ஆம் ஆண்டு ரெடிங் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அப்பக்கங்களைப் படமெடுத்துப் பொதுமக்கள் முன் வைத்தனர். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தத்தம் வீடுகளில் இருந்தபடியே, இலட்சக்கணக்கான எண்களைச் சில மாதங்களுக்குள் பெயர்த்தெழுதித் தந்தனர். நூறாண்டுகளுக்கு முற்பட்ட புயல்களை இன்றைய கணிப்பொறியில் மீண்டும் உருவாக்கிப் பார்ப்போர்க்கு இத்தகைய எண்கள் இன்றியமையாதவை. 1890-இல் ஓர் இரவு, விளக்கு அணைந்து போகப் போக மீண்டும் ஏற்றிக்கொண்டு ஒருவர் எழுதிய எண், இன்று வேலைக்கு வந்துவிட்டது.

ஆனால் 1904 அக்டோபருக்குப் பின்? எத்தனை ஆயிரம் தன்னார்வலர் வந்தாலும் அதை எழுதித்தர இயலாது. பழுதடைந்த கட்டடத்தைப் புதுப்பிக்கலாம். தொலைந்த நூலுக்கு வேறு பிரதி தேடலாம். அளக்காமல் விட்ட நாளை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. ராக் என்பாருடைய வாழ்க்கையிலேயே இது மறுபடியும் நிகழ்ந்தது. அவர் ஆஸ்திரேலியா சென்று, 1897-ஆம் ஆண்டில் அந்நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய கோஸியஸ்கோவில் ஒரு நிலையம் ஏற்படுத்தினார். 1902-ஆம் ஆண்டு அதுவும் பணமின்றி மூடப்பட்டது.

இதற்கு நேர்மாறான வரலாறும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே நீலமலை என்று ஒரு குன்று இருக்கிறது. 635 அடி உயரமே உடையது. நம் பக்கத்தில் அதை மலை என்று சொன்னால் சிறுவரும் நகைப்பர். ராட்ச் என்னும் இளைஞர் தம் கைப்பொருளால் அங்கே ஒரு நிலையம் கட்டி, 1885-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கணக்குத் தொடங்கினார். அவர் 1912-இல் காலமானபின் அது ஹார்வார்டு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. பின்னர் அரசாங்கத்தார் கைக்கும், அன்பர் சங்கத்தார் கைக்கும் மாறியது. கை மாறியதேயன்றிக் கணக்கு நிற்கவில்லை. 1938 செப்டம்பரில் பெரும்புயல் வீசியபோது, மணிக்கு 186 மைல் வேகமுள்ள காற்று அங்கே பதிவாயிற்று. இப்புகழைப் பலரும் எடுத்துரைப்பர். எமக்கோ அதனினும் பெரிதாகத் தோன்றுவது, அங்குள்ளோர் பழைய கருவிகளையும் பழைய முறைகளையும் கைவிடாமல் போற்றுவதே. அவ்வளவு நீண்ட கணக்கு இருப்பதனால்தான், அங்கே வெப்பம் ஏறிவருகிறதென்பதைச் சந்தேகமின்றிக் கூற முடிகிறது.

நீலமலை என்றதும் நமது நீலகிரி நினைவுக்கு வருகிறது. அதன் உச்சியாகிய தொட்டபெட்டாவில், பென் நெவிஸ் நிலையத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே, சென்னை வானாராய்ச்சிக் கூடத்தாரின் மேற்பார்வையில் வானிலைக் கணக்கு எடுக்கப்பட்டது. 1851 முதல் 1855 வரையிலான கணக்கு நூலாகவும் அச்சாயிற்று. ஐந்தாண்டுக் கணக்கு அருமையானதே. ஆயினும் ஒரு நாட்டின் சீதோஷ்ணத்தைச் சராசரி காட்ட முப்பது ஆண்டுகளேனும் வேண்டுமென்பது அறிஞர் வழக்கு. கொடைக்கானலிலோ வேறு கதை. 1876 முதல் 1878 வரை தாக்கிய கொடும்பஞ்சத்துக்குப்பின், சூரியனின் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு காண வேண்டுமென்ற ஆவல் எழுந்தது. 1899-ஆம் ஆண்டு அங்கே சூரிய ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட அதுவும் ஒரு காரணம். மழையின் இரகசியம் அவ்வழியில் வெளிப்படவில்லை. ஆனால் 1904 முதல் அங்கு எடுத்துவந்த சூரியப் படங்கள் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரிசையாக வளர்ந்து, இன்று உலகெங்குமுள்ள சூரிய ஆராய்ச்சியாளர்க்குக் கருவூலமாயிருக்கின்றன.

நிற்க. "இப்பொழுது தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டனவே; நிமிடந்தோறும் அவை எழுதிக்கொள்ளுமே; மனிதன் எதற்கு?" என்று நம் பௌதிக மாணவர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. கருவிகளை நாம் வெறுக்கவில்லை. ஆளில்லாத சிகரங்களில் அவை செய்யும் தொண்டு பெரிது. ஆயினும் மழைமானியின் வாயில் சருகு அடைத்துக்கொண்டால், மழையில்லை என்றே கருவி எழுதும். அது பொய்யென்று அறிய மழையில் நனைந்த ஒருவன் வேண்டும். பழைய கருவியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது இரண்டையும் சிலகாலம் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்காவிடின், மாறியது வானமா கருவியா என்று பின்வருவோர் திகைப்பர். சிக்கனம் என்ற பெயரால் பார்வையாளரை விலக்குவோர் இவ்விரண்டையும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நமது கலாசாலைப் புல்வெளியில் மழைமானி ஒன்று உண்டு. மாணவர் பலர் அதைத் தண்ணீர்க் குழாயின் மூடியென்று எண்ணியிருத்தலும் கூடும். அதற்குரிய பதிவேட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தோம். ஜூலை, ஆகஸ்டு மாதப் பக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன. ஐப்பசி அடைமழையிலும் யாரோ ஒரு நல்லவர் குடைபிடித்துச் சென்று எழுதியிருக்கிறார். மையிற் சொட்டு விழுந்த அடையாளம் உள்ளது. ஆனால் டிசம்பர்க் கடைசி வாரம் ஒவ்வோர் ஆண்டும் வெறுமையாயிருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் அப்படியே. விடுமுறை நமக்கேயன்றி வானத்துக்கு இல்லை. கோடைமழையே பெய்யாத ஊர் என்று நம் பதிவேட்டைக் காண்போர் முடிவு செய்வர். இதனினும் கொடியது ஒன்றும் கண்டோம். சில ஆண்டுகளில் அவ்வெற்றிடங்களைப் பார்த்து நாணிய எவரோ, பின்னர் பூஜ்யம் இட்டு நிரப்பியிருக்கிறார். அளக்கவில்லை என்பது ஓர் உண்மை. மழையில்லை என்பது வேறோர் உண்மை. முன்னதைப் பின்னதாக எழுதுவது அறியாமையாற் செய்ததாயினும் பொய்க்கணக்கே.

ஊர்ப் பெரியோர், எம் காலத்தில் இப்படி வெயில் அடித்ததில்லை, இவ்வளவு மழை பெய்ததில்லை என்று சொல்லக் கேட்கிறோம். அவர்கள் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம்; இளமையின் நினைவு செய்யும் மயக்கமாகவும் இருக்கலாம். தீர்ப்புச் சொல்லவேண்டிய சாட்சி நம் பதிவேடு. சாட்சியோ ஆண்டில் இரண்டு மாதம் ஊரில் இல்லை.

ஆதலின் நாம் வேண்டுவன சிலவே. காலை 8-30 மணிக்கு மழைமானி பார்க்கும் முறையை விடுமுறையிலும் நடத்தவேண்டும். உள்ளூர் மாணவர் இருவரும், கலாசாலைக் காவற்காரரும் முறைவைத்துப் பார்க்கலாம். அளவுக்குவளையைப் படிக்கக் கற்பிக்க அரைமணி நேரம் போதும். ஒருநாள் தவறினால் அதை வெற்றிடமாகவே விடுக. மூன்றுநாள் கழித்து அளந்தால், மூன்று நாள் மழை என்றே குறிக்க. மழைமானியின் மேல் கிளை பரப்பியிருக்கும் வேம்பை வெட்டச் சொல்ல நமக்கு மனமில்லை. மானியையே மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்துக்கு மாற்றி, மாற்றிய தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடலாம். காவற்காரர்க்கு மாதந்தோறும் ஒரு சிறுதொகை தரவேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு விருந்தில் ஒரு பலகாரத்தைக் குறைத்துக்கொண்டால் அது கிடைத்துவிடும். பழைய ஏடுகளைப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றும் வேலையைக் கணித மாணவர் ஏற்க முன்வந்துள்ளனர் என்று கேட்டு மகிழ்கின்றோம்.

வருகிற கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டு பெயர்கள் வேண்டும். பதிவேடு பௌதிகப் பகுதியில், தராசு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. பெயர் எழுத அதன் முதற்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம்.