எஞ்சாயி எஞ்சாமி: வரவேற்பும் சர்ச்சையும்

எஞ்சாயி எஞ்சாமி என்பது பாடகி தீ, சொல்லிசைக் கலைஞர் அறிவு ஆகிய இருவரும் பாடிய தமிழ்த் தனியிசைப் பாடல் ஆகும். சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடலை மாஜா நிறுவனம் 2021 மார்ச் 7 அன்று வெளியிட்டது.

வரவேற்பு

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, நிலமின்றித் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு இதன் வரிகளை எழுதினார். ஒப்பாரியும் ராப் இசையும் கலந்த வடிவம் பரவலாகப் பாராட்டப்பட்டது.

சர்ச்சை

2021 ஆகஸ்ட் மாத ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இடம்பெற்றார், அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் இதனைக் கண்டித்தார். பின்னர் அவ்விதழ் அறிவின் படத்துடன் இணைய அட்டை ஒன்றை வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று, சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அறிவு இன்றியே பாடல் அரங்கேறியது. எழுதி, மெட்டமைத்துப் பாடியவர் தாமே என்றார் அறிவு. கூட்டுப் படைப்பு, வருவாயில் சமபங்கு என்றார் சந்தோஷ் நாராயணன். 2024 மார்ச்சிலோ, அவ்வருவாயே தங்களுக்கு வந்து சேரவில்லை என அவர் தெரிவித்தார்.

மதிப்பீடு

வெளியீட்டில் தீ முதன்மைக் கலைஞராகவும், வரிகளை எழுதிய அறிவு உடன் பாடியவராகவும் குறிக்கப்பட்டனர். இவ்வரிசையே பின்வந்த விடுபடல்களுக்கு இடமளித்தது எனலாம். உழைத்தவருக்கு நிலம் உரிமையாகாததைப் பாடிய பாடல், தன் உரிமை யாருக்கு என்ற வினாவிலேயே வந்து நின்றது.