பெரியவர்கள் நடக்க 6 அடி விடுங்கள்!

சர்க்கரையா, ரத்தக்கொதிப்பா, எதற்குப் போனாலும் டாக்டர் சொல்வது ஒன்றுதான். "60 வயசாச்சு, தினமும் நடங்க!"

நல்ல யோசனை. ஆனால் எங்கே நடக்கிறது?

மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோ மீட்டர் நடைபாதை என்று "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தை 2023-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி தமிழக அரசு தொடங்கியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சேலம், நாமக்கல்லில் உள்ள எல்லாப் பெரியவர்களும் பஸ் ஏறிப்போய் நடக்க முடியுமா? அவர்களுக்கு வேண்டியது வீட்டு வாசலில் ஆரம்பிக்கிற பாதை.

8 கிலோ மீட்டர், 10 ஆயிரம் அடி என்றதும் மலைக்க வேண்டாம். 10 ஆயிரம் என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரால் பரவிய கணக்கு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடியே போதும் என்று 2022-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 5 நாள், அரை மணி நேரம்.

முதல் வாரம் 10 நிமிடம் நடந்தால் போதும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். நெஞ்சு வலித்தால் உடனே நின்று டாக்டரிடம் போகணும். சர்க்கரைக்காரர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

நம்ம ஊர் வெயிலுக்கு விடியற்காலையில்தான் நடக்க முடியும். நடைபாதையிலோ பைக், போர்டு, கடைச்சரக்கு! ரோட்டில் இறங்கினால் லாரி. உடம்பு தேற நடக்கப்போனவர் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போவதா?

கோவை எலும்பு முறிவு டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதையில் தடையின்றி நடப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம், அதாவது சுமார் 6 அடி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலை காங்கிரசின் விதி.

தள்ளுவண்டிக்காரரும் பிழைக்கணும்; அவருக்குத் தனி இடம் ஒதுக்குவது மாநகராட்சியின் வேலை. கடைக்காரர்களே, வாசல் போர்டை உள்ளே தள்ளி வையுங்கள். நாளைக்கு அந்த வழியே நடக்கப்போவது உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்!